சேற்றுக்கும் எஃகுக்கும் நடுவே

மினி டிராக்டரின் முன்னால் குனிந்து, ரேடியேட்டருக்குக் கீழே முன் அச்சு வண்டியோடு சேரும் இடத்தைப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாக ஓர் இரும்பு முளை தெரியும். புது வண்டியாக இருந்தால் தெரியும். இரண்டு போகம் சேறடித்த வண்டியாக இருந்தால் காய்ந்த மண்ணைச் சுரண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் சென்டர் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும் நிப்பிள். வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்த ஒரு பின்னின் மேல்தான் நிற்கிறது. வரப்பில் ஒரு சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அச்சு அதைச் சுற்றியே சாய்ந்து நிமிர்கிறது. எஞ்சின் ஆயில் எது நல்லது என்று டீக்கடையில் சண்டை போடுபவர்கள்கூட இந்த முளையைப் பற்றிப் பேசிக் கேட்பது அரிது.

நிப்பிளுக்குள் இருப்பது ஒரு குட்டி இரும்புக் குண்டும் அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும்தான். கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினால் குண்டு பின்வாங்கி வழிவிடும். அழுத்தம் நின்றதும் ஸ்பிரிங் அதைத் தள்ளி வாயை மூடிவிடும். இது வருவதற்கு முன் வண்டிகளில் இருந்தவை கிரீஸ் கிண்ணங்கள். கிண்ணத்தில் கிரீஸை அடைத்து, மூடியை அவ்வப்போது ஒரு சுற்றுத் திருகினால் கொஞ்சம் உள்ளே இறங்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவில் ஆர்தர் குல்போர்க் என்பவர் அழுத்தத்தோடு கிரீஸ் செலுத்தும் கருவியைக் கொண்டுவந்தார். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆஸ்கர் செர்க், 1920-களில் காப்புரிமை பெற்ற நிப்பிளால் வேலையை இன்னும் சுருக்கினார். கிரீஸ் கன்னின் மூக்கை வைத்து அழுத்தினாலே போதும் என்றாயிற்று.

சரி, எஞ்சினுக்கு ஆயில் ஊற்றுகிறோம். இந்தப் பின்னுக்கு மட்டும் ஏன் கெட்டியான கிரீஸ்? இதற்குப் பதில் தேட ரயில் அச்சு ஒன்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும். 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் பெட்டி பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டைச் சுழற்றியதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே வந்து வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். பிதுங்கி வெளியே வந்தது. மரமுளை அடித்துப் பார்த்தார்; அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அதன் முள் எல்லையைத் தாண்டிப் போயிற்று. சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் திணிக்கிறது. அந்தத் திணிப்பில் பிறக்கும் அழுத்தம்தான் பாரத்தைத் தூக்குகிறது. 1886-இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதிக் காட்டினார். இன்றைய டிராக்டர் எஞ்சினில் கிராங்க் ஷாப்ட் சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பது இப்படித்தான். வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்வரை உலோகத்தை உலோகம் தொடுவதே இல்லை.

சென்டர் பின் சுழல்வதில்லை. சில பாகைகள் அப்படியும் இப்படியும் அசைகிறது, அவ்வளவே. ஸ்டியரிங் திருப்பும்போது முன்சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் கிங் பின்களும், பின்னால் கலப்பையைத் தூக்கும் கைகளின் மூட்டுகளும், கிளட்ச், பிரேக் மிதிகளின் தண்டுகளும் அதே ரகம். வேகம் குறைவு, பாரம் அதிகம், அசைவு அரைகுறை. டவர் கண்ட எண்ணெய் அழுத்தம் இங்கே பிறக்கவே வழியில்லை. உலோக மேடுகள் ஒன்றையொன்று உரசத்தான் செய்யும். ஆகவே இங்கே மசகுப்பொருள் தன் மூலக்கூறுகளாலேயே உலோகத்தின் மேல் படிந்து நிற்க வேண்டும். கனரக கிரீஸில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களைக் கலப்பது இதற்காகத்தான். மேடுகள் உரசிச் சூடேறும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய ஒரு படிவத்தை உண்டாக்குகின்றன. தேய்வது அந்தப் படிவம், பின் பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் டிராக்டரைப் பொறுத்தவரை கிரீஸுக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. வழுக்கிக் கொடுப்பதைக் காட்டிலும், இடத்தை அடைத்துக்கொள்வதுதான் அது. பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் இடையே இருக்கும் இடைவெளி சும்மா இருக்காது. கிரீஸ் இல்லாவிட்டால் சேறு வந்து குடியேறும். காவிரி டெல்டாவில் குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் நடுவே கிடைக்கும் நாட்கள் குறைவு. கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய வண்டி, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரோடு விடியற்காலை முதல் இரவு விளக்கு வெளிச்சம் வரை சேற்றில் கிடக்கும். வண்டல் சேற்றைக் கையில் எடுத்தால் வழவழவென்று இருக்கும். அதிலும் நுண்மணல் உண்டு. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரண எஃகு அதற்குக் கீழே. இரண்டு இரும்புக்கு நடுவே அது மாட்டினால் உப்புத்தாள் வேலைதான்.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. தார் ரோட்டில் ஓடி வந்த வண்டியின் சக்கர ஹப் சூடாக இருக்கிறது, உள்ளே 60 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் வயலுக்குள் இறங்குகிறது. 30 பாகைத் தண்ணீர் ஹப்பைச் சூழ்ந்ததும் உள்ளே இருக்கும் காற்று குளிர்கிறது. கெல்வினில் கணக்குப் போட்டால் 333-லிருந்து 303-க்கு வருகிறது. காற்று ஏறக்குறைய 9 சதவீதம் சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, ரப்பர் சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீர் உறிஞ்சப்படும். சீல் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் ஈரம் போகலாம். தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சீலுக்குப் பின்னால் நிற்கும் கிரீஸ்தான் அடுத்த தடுப்பு. சேற்று வேலை முடிந்த அன்றைக்கே, வண்டியைக் கழுவிவிட்டுக் கிரீஸ் அடிக்கச் சொல்வது இதனால்தான். மறுநாள் காலை என்று தள்ளினால் உள்ளே போன ஈரம் இரவெல்லாம் இரும்போடு இருக்கும். வாட்டர் சர்வீஸில் குழாயை நேராக ஹப் மேலும் மூட்டுகள் மேலும் காட்டிப் பீய்ச்சுவது இன்னும் மோசம். அந்த அழுத்தத்துக்குச் சீல் செய்யப்பட்டதே இல்லை.

கிரீஸ் என்பது என்ன? அதில் பெரும்பகுதி சாதாரண எண்ணெய்தான், பத்தில் எட்டு ஒன்பது பங்குகூட இருக்கும். அதைக் கெட்டியாக நிறுத்துவது சோப்பு. குளிக்கும் சோப்பு கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கிரீஸில் பெரும்பாலும் லித்தியம் அல்லது கால்சியம் உப்பு. சோப்பின் நுண்ணிழைகள் தேங்காய் நார்போல் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்க, எண்ணெய் அவற்றின் இடுக்குகளில் தங்குகிறது. மூட்டு அசைந்து அழுத்தும்போது கொஞ்சம் எண்ணெய் கசிந்து வேலை பார்க்கிறது. இழைகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன.

எந்தச் சோப்பு என்பதில்தான் எல்லாக் குணங்களும் இருக்கின்றன. சோடியம் கிரீஸ் சூட்டைத் தாங்கும், தண்ணீர் பட்டால் கரையும். நெல் வயலுக்கு உதவாது. பழைய வகைக் கால்சியம் கிரீஸ் தண்ணீரை அண்டவிடாது, ஆனால் 100 பாகைக்குப் பக்கத்தில் போனாலே இளகி ஒழுகிவிடும். இரண்டையும் ஓரளவு சமாளித்தது லித்தியம் கிரீஸ். தண்ணீரைத் தாங்கும், சொட்டத் தொடங்குவது 180 பாகைக்கு மேல். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் 1942-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதில் நமக்கு நெருங்கிய சங்கதி ஒன்று ஒளிந்திருக்கிறது. லித்தியத்தோடு சேரும் கொழுப்பு அமிலம் ஆமணக்கிலிருந்து வருகிறது. விளக்கெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ரிசினோலிக் அமிலம். அதன் சங்கிலியில் 12-ஆவது கார்பனில் ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கொக்கி தொங்குகிறது. வேறு தாவர எண்ணெய்களில் இது அரிது. அந்தக் கொக்கிகள் பக்கத்துச் சங்கிலியைப் பற்றிக்கொள்வதால் சோப்பின் இழைகள் நீளமாக, உறுதியாக முறுக்கிக்கொள்கின்றன. மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை போட்ட ஊர் இது. கரி போய் லித்தியம் வந்திருக்கிறது, ஆமணக்கு அப்படியே இருக்கிறது. உலகத்தில் அதிகமாக ஆமணக்கு விளைவதும் இந்தியாவில்தான், அதிலும் குஜராத்தில்.

டப்பாவின் மேல் இருக்கும் '2' என்ற எண் தரத்தைக் குறிப்பதல்ல, கெட்டித்தன்மையைக் குறிப்பது. 25 பாகையில் ஓர் உலோகக் கூம்பைக் கிரீஸின் மேல் விட்டு, எத்தனை ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் எண் 2. டிராக்டர் மூட்டுகளுக்குப் பொதுவாக இதுவே. நிறத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் சாயம். கடைக்காரர் “சிவப்புதான் சார் ஸ்ட்ராங்” என்றால் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திருப்பி, எந்தச் சோப்பு என்று படித்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத சோப்புகளைக் கலந்தால் இழைவலை கலைந்து கூழாகி வழிந்துவிடும். ஒரு வகையில் தொடங்கினால் அதிலேயே இருப்பது நல்லது.

இனி அடிக்கும் முறை. முதல் வேலை துணி. நிப்பிளின் நுனியைத் துடைக்காமல் கன்னை மாட்டினால், நுனியில் ஒட்டிய மண்ணை நாமே அழுத்தி உள்ளே அனுப்புகிறோம். கன்னின் அழுத்தத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. கைப்பிடியில் 20 கிலோ விசை கொடுத்து, நெம்புகோல் அதை 15 மடங்காக்கினால், 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள உந்துதண்டின் மேல் 300 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ வருகிறது. அடைபட்ட மூட்டைத் திறக்க இந்த வலு தேவைதான். ஆனால் கன்னின் ரப்பர் குழாயில் ஊசித்துளை விழுந்திருந்தால், அதே அழுத்தம் கிரீஸைத் தோலுக்குள் ஏற்றிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே திசு அழியத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல் உடனே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சென்டர் பின்னுக்கு அடிக்கும்போது ஜாக்கி போட்டு முன்பாரத்தைத் தூக்கிவிட வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பாரம் இருக்கும்போது பின்னின் ஒரு பக்கம் புஷ்ஷோடு இறுகிக் கிடக்கும், எதிர்ப்பக்கம் இடைவெளி இருக்கும். கிரீஸ் எளிதான வழியில்தான் போகும். தேவைப்படும் பக்கம் வறண்டபடியே நிற்கும். தூக்கிவிட்டால் சுற்றிலும் பரவும். கிங் பின்னுக்கு அடிக்கும்போது ஸ்டியரிங்கை ஒருமுறை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பச் சொல்லுங்கள். ஓரத்தில் முதலில் சாம்பல் நிறச் சேற்றுக் கிரீஸ் பிதுங்கும், பிறகு புதியது தலைகாட்டும். அங்கே நிறுத்தலாம். பிதுங்கி நிற்கும் வளையத்தைத் துடைக்கலாமா கூடாதா என்று கேட்டால், சேற்று வேலைக்கு விட்டுவைக்கலாம், அது கூடுதல் சீல்; புழுதி உழவுக்குத் துடைத்துவிட வேண்டும், தூசு ஒட்டும் என்பது என் கட்சி.

எல்லா இடத்திலும் இப்படிப் பிதுங்கும்வரை அடிக்கக் கூடாது. சீல் போட்ட பேரிங்கில் அளவுக்கு மேல் ஏற்றினால் சீல் வெளியே வந்துவிடும். வேகமாகச் சுழலும் பேரிங்கில் கிரீஸ் நிரம்பி வழிந்தால், உருளைகள் அதைக் கடைந்துகொண்டே இருப்பதில் சூடு ஏறும். கிளட்ச் பேரிங்குக்கு அதிகமாகிக் கிரீஸ் கிளட்ச் தகட்டில் பட்டால் வண்டி இழுக்காது.

எஞ்சினிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சக்தி கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாப்ட்டின் இரு முனையிலும் சிலுவை வடிவத்தில் கிராஸ் இருக்கிறது. அதன் நான்கு கைகளிலும் ஊசி உருளைகள். நிமிடத்துக்கு 540 சுற்று ஓடும் இந்த மூட்டில் ஊசிகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. ஷாப்ட் சாய்ந்திருக்கும் கோணத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் உருள்கின்றன. ஷாப்ட் நேர்கோட்டில் இருந்தால் உருள்வதே இல்லை. ஒரே இடத்தில் அதிர்ந்து அதிர்ந்து கிராஸில் வரிவரியாகப் பள்ளம் விழும். ஆகவே லேசான சாய்வு இருப்பது நல்லதுதான், கிரீஸ் மட்டும் தினமும் வேண்டும். நான்கு கைகளிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கைதான் அடுத்து உடையும். இதைச் செய்யும்போது எஞ்சினை நிறுத்திச் சாவி நம் பையில் இருக்கட்டும். ஷாப்ட் வேட்டியையும் துண்டையும் இழுத்துச் சுற்றிக்கொள்ள ஒரு நொடி போதும்.

ரோட்டவேட்டரின் கியர் பெட்டி ஒழுகத் தொடங்கினால் சீல் மாற்றச் சோம்பி அதற்குள் கிரீஸை அடைக்கும் பழக்கம் ஊர்தோறும் உண்டு. ஒழுகல் நிற்கும், அது உண்மை. ஆனால் கியர் பற்கள் முதல் சுற்றிலேயே கிரீஸில் தடம் வெட்டிக்கொள்ளும். எண்ணெயாக இருந்தால் அந்தத் தடம் உடனே மூடிக்கொள்ளும். கிரீஸ் விலகிய இடத்தில் அப்படியே நிற்கும். பெட்டி நிறையக் கிரீஸ் இருக்க, பற்கள் வறட்டு ஓட்டம் ஓடும்.

கிரீஸ் தடுப்பது மூட்டுக்குள் போகும் மண்ணை. எஞ்சினுக்குள் காற்றோடு போகும் மண்ணைத் தடுப்பது ஏர் கிளீனர். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய டீசல் எஞ்சின் 2400 சுற்றில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் நிமிடத்துக்கு 1200 லிட்டர் இழுக்க வேண்டும். உருளை முழுதாக நிரம்பாது என்று கொஞ்சம் கழித்தாலும் மணிக்கு 60 கன மீட்டர், அதாவது ஒரு சிறிய வீட்டின் இரண்டு அறைக் காற்று. புஞ்சையில் புழுதி உழவின்போது அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்க் கிண்ணம் வைத்த பழைய வகைக் கிளீனரில், கிண்ணத்தின் அடியில் சேறு படிந்ததும் எண்ணெயை மாற்ற வேண்டும், குறியீட்டுக்கு மேல் ஊற்றவும் கூடாது. மிகுந்ததை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். காகித வடிகட்டி வைத்த வண்டியில் அதைத் தரையில் தட்டித் தட்டிக் கிழிப்பதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு.

டீசலில் தண்ணீர்தான் தொல்லை. அரை டேங்க் டீசலோடு நிற்கும் வண்டியில் மீதி இடம் முழுக்க ஈரக்காற்று. இரவில் குளிர்ந்து டேங்கின் சுவரில் வியர்க்கும், துளிகள் அடியில் சேரும். மாலையிலேயே டேங்கை நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடமில்லை. டீசலை எஞ்சினுக்குள் செலுத்தும் பம்பின் உந்துதண்டுக்கும் அதன் உருளைக்கும் இடையே உள்ளது சில மைக்ரான் இடைவெளி. அதற்கு மசகும் அந்த டீசலேதான்; தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது.

ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீரை ஊற்றுவது பெரிய பிழை. நம் ஊர்களில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். குழம்புச் சட்டியில் படியும் அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்து வெப்பத்தை வெளியே விடாது. கூலன்ட்டைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுத்த நீரில் கலந்து ஊற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் முன் வலையில் பதரும் வைக்கோல் தூசும் அடைவதைத் தினமும் தட்டிவிட்டால் போதும்.

கியர் பெட்டியும் ஹைட்ராலிக்கும் பெரும்பாலான சிறு டிராக்டர்களில் ஒரே எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சேற்றில் உழைத்த வண்டியில் அந்த எண்ணெய் பாலாக வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சோதிக்க நல்ல நேரம், வண்டியைக் கிளப்பாத அதிகாலை. இரவெல்லாம் நின்றதில் கலக்காத தண்ணீர் அடியில் தேங்கியிருக்கும். வடிகால் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீரா எண்ணெயா என்று தெரிந்துவிடும். தண்ணீர் என்றால் எண்ணெயை மாற்றுவது பாதி வேலைதான், அது எந்தச் சீல் வழியாக வந்தது என்று தேட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் காலக்கெடு ஓடிய மணி. எஞ்சின் ஆயிலுக்குப் பல வண்டிகளில் 250 மணி. புது வண்டிக்கு முதல் மாற்றம் 50 மணியிலேயே, ஏனெனில் புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத்தூள் அந்த ஆயிலில் இருக்கும். பி.டி.ஓ. கிராஸ் தவிர மற்ற மூட்டுகளின் கிரீஸுக்கு உலர்ந்த வேலையில் 50 மணி, சேற்றில் தினமும். ஓர் எச்சரிக்கை: எஞ்சினோடு கம்பியால் இணைத்த பழைய ஹவர் மீட்டர்கள் கடிகார மணியைக் காட்டுவதில்லை, சுற்றுகளை எண்ணி மணியாகச் சொல்கின்றன. மெதுவாக ஓட்டும் வேலையில் மீட்டர் குறைத்தே காட்டும். கம்பம் திராட்சைப் பந்தலுக்கடியில் நாள் முழுக்க மருந்தடிக்கும் வண்டிக்கும், வரப்பருகே பொழுதெல்லாம் நின்று ஓடும் வண்டிக்கும் மீட்டரை மட்டும் நம்பினால் கணக்குத் தப்பும்.

கோடையில் வேலையில்லாமல் நிறுத்துவதானால் நிறுத்துவதற்கு முன்பே எல்லா நிப்பிளிலும் அடித்துவிட வேண்டும், மறுபடி கிளப்பும்போது அல்ல. ஈரத்தோடு மூட்டை மாதக்கணக்கில் விட்டால் துருதான் உள்ளே குடியிருக்கும். ஹைட்ராலிக் கைகளைக் கீழே இறக்கிவிடுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். கிளட்ச் மிதியை அழுத்தி, அதற்கென்று இருக்கும் கொக்கியில் மாட்டிவிடுங்கள். கொக்கி இல்லாத வண்டியில் மிதிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மரத்துண்டு போதும். தகடு ஃபிளைவீலிலிருந்து பிரிந்து நிற்கும், ஈரத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது.